படியெடுத்தலும் சரிபார்த்தலும்

நுழையும்முன்

கண்ணுக்குப் புலப்படாத ஒன்றைப் பல கோடிப் படிகளாகப் பெருக்கிக் கண்ணுக்குப் புலப்படச் செய்வது இன்றைய உயிரியல் ஆய்வகங்களின் அன்றாடப் பணி. அப்பணியில் பெருகுவது உண்மை மட்டுமன்று. கவனம் தவறினால் பிழையும் அதே வேகத்தில் பெருகும். மரபணுவில் மாறிய ஒற்றை எழுத்தை ஆய்வகம் எவ்வாறு கண்டறிகிறது, கண்டறிந்ததை எவ்வாறு ஐயுற்றுச் சரிபார்க்கிறது என்பதை விளக்குகிறது இவ்வுரைநடை.

நீலகிரியில் கிடைத்த செய்தி

ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் ஆகிய இருவரும் தென்னிந்தியாவில் கதிர் அரிவாள் செல் பண்பு காணப்படுவதை 1952ஆம் ஆண்டு மருத்துவ உலகிற்கு அறிவித்தனர். அவர்கள் ஆராய்ந்தது நீலகிரி மலைவாழ் பழங்குடி மக்களின் குருதியை. அதுவரை அந்நோய் பெரும்பாலும் ஆப்பிரிக்க வழியினரோடு இணைத்தே பேசப்பட்டு வந்தது. பின்னர் நடுவண் இந்தியாவின் பழங்குடி மக்களிடையேயும் அது பரவலாக இருப்பது தெரியவந்தது.

நலமான சிவப்பணு இருபுறமும் குழிந்த தட்டினைப் போன்றது. மிக நுண்ணிய குருதிக்குழாய்களிலும் அது வளைந்து நெளிந்து சென்றுவிடும். நோயுற்றவர் குருதியில் ஆக்சிஜன் குறையும்போது சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கோல்களாக நீள்கின்றன. அணு, கதிர் அறுக்கும் அரிவாளைப் போல வளைந்து விறைத்துவிடுகிறது. விறைத்த அணுக்கள் நுண்குழாய்களை அடைத்துக்கொள்ள, எலும்புகளிலும் மூட்டுகளிலும் தாங்கவியலாத வலி எழுகிறது. தொடர்ந்த இரத்தசோகையும் இளம் பருவத்திலேயே தாக்கும் நோய்த்தொற்றுகளும் உடன் சேர்கின்றன.

தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு மரபணுப் படிகளும் மாறியிருந்தால்தான் ஒருவர் இந்நோய்க்கு ஆளாவார். ஒரு படி மட்டும் மாறியிருப்பவர் நோயின் தாங்கி எனப்படுவார். அவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்வார். மலேரியாவின் கடுமையிலிருந்து அவருக்கு ஓரளவு காப்பும் கிடைக்கிறது. மலேரியா மிகுந்த நிலப்பகுதிகளில் இம்மாற்றம் தலைமுறைகளாக நிலைத்து நின்றதற்கு அதுவே காரணம். ஆனால், தாங்கிகளான இருவர் மணந்துகொண்டால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வருவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. எனவே, ஒருவர் நலமானவரா, தாங்கியா, நோயுற்றவரா என்று ஆய்வகம் தரும் விடையில் ஒரு குடும்பத்தின் எதிர்காலமே அடங்கியிருக்கிறது.

பத்து லட்சம் பக்கங்களில் ஓர் எழுத்து

இந்நோயின் வேர் ஹீமோகுளோபின் மூலக்கூறிலேயே இருப்பதை 1949இல் லைனஸ் பாலிங்கும் அவருடன் பணியாற்றியவர்களும் மெய்ப்பித்தனர். மின்புலத்தில் வைத்தபோது நோயுற்றவரின் ஹீமோகுளோபின் நலமானவருடையதிலிருந்து வேறுபட்ட வேகத்தில் நகர்ந்தது. சில ஆண்டுகளுக்குப் பின் வெர்னான் இங்கிராம் அவ்வேறுபாட்டின் இருப்பிடத்தைக் கண்டறிந்தார். பீட்டா சங்கிலியிலுள்ள 146 அமினோ அமிலங்களில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்திற்குப் பதிலாக வாலின் அமர்ந்திருந்தது.

மரபணுவின் மொழியில் இது ஓர் எழுத்தின் மாற்றம். நலமான மரபணுவில் அவ்விடத்துக் குறிச்சொல் குவானைன், அடினைன், குவானைன் என அமையும். நோய்க்குரிய மரபணுவில் நடுவிலுள்ள அடினைன் தைமினாக மாறியிருக்கும். மனித மரபணுத்தொகுதியின் ஒரு படியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன. பக்கத்திற்கு 3,000 எழுத்துகள் என்று அச்சிட்டால் 10 லட்சம் பக்கங்கள் ஆகும். அத்தனை பக்கங்களில் ஓர் எழுத்து மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

குருதியிலுள்ள ஹீமோகுளோபினை மட்டும் பார்த்தே நோயை அறியலாமே என்று கேட்கலாம். வளர்ந்தவர்களிடம் அம்முறை இன்றும் கையாளப்படுகிறது. ஆனால், கருவிலிருக்கும் குழந்தையின் குருதியில் பெரும்பகுதி கருவுக்கே உரிய வேறு வகை ஹீமோகுளோபின். அதில் பீட்டா சங்கிலி இல்லை. எனவே, பிறக்கவிருக்கும் குழந்தையைப் பற்றி அறிய வேண்டுமெனில் மரபணுவையே படித்தாக வேண்டும். கருவைச் சூழ்ந்த திசுவிலிருந்தோ பனிக்குட நீரிலிருந்தோ கிடைப்பவை மிகச் சில செல்கள். அவற்றிலுள்ள டி.என்.ஏ. அளவிற் சிறியது, அதில் தேடப்படும் பகுதியோ அதனினும் சிறியது. வைக்கோற்போரில் ஊசியைத் தேடுவதைக் காட்டிலும், போரே சிறிதாகத் தோன்றும் அளவுக்கு ஊசியைப் பெருக்கிவிடுவது எளிது என்பதே இச்சிக்கலுக்குக் கிடைத்த விடை.

ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி

டி.என்.ஏ. இரண்டு இழைகள் முறுக்கிக்கொண்ட ஏணி. ஓரிழையில் அடினைன் இருந்தால் எதிரிழையில் தைமின்; குவானைன் இருந்தால் சைட்டோசின். ஆகவே, ஓரிழை கையிலிருந்தால் மற்றோர் இழையை எழுதிவிட முடியும். செல்லுக்குள் இதனைச் செய்யும் நொதி டி.என்.ஏ. பாலிமரேஸ். அந்நொதிக்கு ஓர் இயல்பு உண்டு. வெற்றிழையில் அது தானாக எழுதத் தொடங்காது. ஏற்கெனவே ஒட்டியிருக்கும் ஒரு குறுந்துண்டின் முனையிலிருந்துதான் எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டு போகும். பிரைமர் எனப்படும் இந்தக் குறுந்துண்டைத் தொடக்க இழை எனலாம். நொதியின் இந்தக் குறைபாட்டையே ஆய்வாளர்கள் தமக்கு வாய்ப்பாக்கிக் கொண்டனர். தொடக்க இழையை எங்கே ஒட்டவைக்கிறோமோ அங்கிருந்துதான் படியெடுத்தல் தொடங்கும் என்றால், படியெடுக்க வேண்டிய பகுதியைத் தெரிந்தெடுக்கும் உரிமை மனிதர் கைக்கு வந்துவிடுகிறது.

மரபுக் குறியீட்டை விளக்கியதற்காக 1968இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் பஞ்சாபில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா. அவருடைய ஆய்வுக்குழு, தொடக்க இழைகள் இரண்டைக் கொண்டு ஒரு டி.என்.ஏ. துண்டை மீண்டும் மீண்டும் படியெடுக்க இயலும் என்னும் கருத்தை 1971இலேயே வெளியிட்டது. அக்காலத்தில் தொடக்க இழைகளைத் தொகுப்பதே பெரும்பாடாக இருந்தது. கருத்து ஏட்டளவில் நின்றுவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1983இல், கலிபோர்னியாவில் சீட்டஸ் நிறுவனத்தில் பணியாற்றிய கேரி முல்லிஸ் ஓரிரவு மலைச்சாலையில் காரோட்டிச் செல்லும்போது இதே வழி தமக்குத் தோன்றியதாகப் பின்னாளில் எழுதினார். பாலிமரேஸ் சங்கிலி வினை எனப் பெயர்பெற்ற அம்முறைக்காக 1993இல் வேதியியல் நோபல் பரிசில் அவர் பங்கு பெற்றார். பி.சி.ஆர். என்னும் சுருக்கப் பெயர் கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் தமிழ்நாட்டின் சிற்றூர்கள் வரை பரவியது.

ஒரு சிறு நெகிழிக் குழாயில் ஐந்து பொருள்கள் சேர்கின்றன: ஆராய வேண்டிய டி.என்.ஏ., தேடும் பகுதியின் இரு எல்லைகளுக்கும் பொருந்துமாறு தொகுத்த இருவகைத் தொடக்க இழைகள், நால்வகை நியூக்ளியோடைடுகள், பாலிமரேஸ் நொதி, மக்னீசிய அயனி கலந்த தாங்கல் கரைசல். எல்லாம் சேர்ந்து 50 மைக்ரோலிட்டருக்கு மேற்போவதில்லை. அது ஏறத்தாழ ஒரு நீர்த்துளியின் அளவு.

குழாயை 95 பாகை செல்சியஸ் அளவிற்குச் சூடாக்கினால் இழைகளைப் பிணைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் அறுந்து இரண்டும் தனித்தனியே பிரிகின்றன. பின்னர் 50 முதல் 65 பாகை வரை குளிர்விக்கும்போது தொடக்க இழைகள் தத்தமக்குரிய இடத்தைத் தேடி ஒட்டிக்கொள்கின்றன. தொடக்க இழையின் நீளம் பொதுவாக 18 முதல் 25 எழுத்துகள். 300 கோடி எழுத்துகளுக்கு இடையே ஒரே இடத்தில் மட்டும் பொருந்த அந்த நீளமே போதுமானது. வெப்பநிலையை மிகவும் தாழ்த்திவிட்டால் அரைகுறையாகப் பொருந்தும் இடங்களிலும் அவை ஒட்டிக்கொள்ளும்; மிகவும் உயர்த்திவிட்டால் உரிய இடத்திலும் ஒட்டாது. ஒவ்வோர் ஆய்வகமும் தன் தொடக்க இழைக்கேற்ற வெப்பநிலையைப் பலமுறை செய்து பார்த்தே கண்டுகொள்கிறது. மூன்றாவதாக, 72 பாகையில் நொதி எழுதத் தொடங்குகிறது. இம்மூன்றும் சேர்ந்தது ஒரு சுற்று.

முதற்சுற்றில் எழுதப்படும் புதிய இழைக்குத் தொடக்கம் உண்டு, முடிவெல்லை இல்லை. நொதி தேடும் பகுதியைத் தாண்டியும் எழுதிக்கொண்டே போகும். அவ்விழை இரண்டாம் சுற்றில் அச்சாக அமையும்போது, எதிர்முனையிலிருந்து வரும் படியெடுத்தல் முதல் தொடக்க இழை இருந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கப்பால் படிக்க ஒன்றுமில்லை. இவ்வாறு இரு எல்லைக்கும் உட்பட்ட சரியான நீளமுள்ள ஒற்றை இழை இரண்டாம் சுற்றிலும், அதே நீளமுள்ள ஈரிழைத் துண்டு மூன்றாம் சுற்றிலும் முதன்முதலாகத் தோன்றுகின்றன. அதன்பின் சரியான துண்டு சுற்றுக்குச் சுற்று இரட்டிக்கிறது. எல்லை மீறிய நீள இழையோ சுற்றுக்கு இரண்டு என்னும் அளவிலேயே கூடுகிறது. ஒரே ஒரு ஈரிழையில் தொடங்கி 30 சுற்றுகள் முடிந்தால் கணக்குப்படி 107 கோடிக்கு மேற்பட்ட ஈரிழைப் படிகள் கிடைக்கும். அக்கூட்டத்தில் நீள இழைகள் வெறும் 60.

கணக்கு வேறு, குழாய் வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். இம்முறையைப் பயன்படுத்திக் கதிர் அரிவாள் செல் நோயைக் கண்டறிந்த முதற்கட்டுரையை ராண்டல் சைகியும் உடன் ஆய்வாளர்களும் 1985 டிசம்பரில் வெளியிட்டனர். 20 சுற்றுகளில் பத்து லட்சம் மடங்குக்குமேல் பெருகியிருக்க வேண்டும். அவர்களுக்குக் கிடைத்தது 2,20,000 மடங்கு. ஒவ்வொரு சுற்றிலும் எல்லா இழைகளும் படியெடுக்கப்படுவதில்லை என்பதே காரணம். சுற்றுகள் கூடக்கூட நொதி களைப்புறும், பிரிந்த இழைகள் தொடக்க இழைக்கு இடம்விடாமல் தம்முள்ளேயே சேர்ந்துகொள்ளும், பெருக்கம் தேங்கும். எனவே, 60 சுற்றுகள் ஓட்டினால் இன்னும் நன்றாகக் கிடைக்கும் என்று எண்ணுவது தவறு. பிற்பகுதிச் சுற்றுகளில் வேண்டாத துண்டுகளே மிகுதியாக வளரும்.

வெந்நீர் ஊற்றின் கொடை

தொடக்கக் காலத்தில் இப்பணி பொறுமையைச் சோதித்தது. வெவ்வேறு வெப்பநிலையில் வைத்த நீர்த்தொட்டிகளுக்கு இடையே குழாய்களைக் கையால் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். அப்போது பயன்பட்டது குடல்வாழ் பாக்டீரியாவின் நொதி. அது 95 பாகை வெப்பத்தில் முட்டையின் வெண்கருவைப் போல உருக்குலைந்துவிடும். ஆகவே, ஒவ்வொரு சுற்றுக்கும் குழாயைத் திறந்து புதிய நொதியைச் சேர்த்தாக வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் வெந்நீர் ஊற்றுகள் பல உள்ளன. தாமஸ் பிராக் என்னும் நுண்ணுயிரியலாளர் தம் மாணவர் ஹட்சன் ஃபிரீஸுடன் அங்கே 70 பாகையை ஒட்டிய நீரில் செழித்து வாழும் பாக்டீரியாவைக் கண்டெடுத்து 1969இல் தெர்மஸ் அக்குவாட்டிகஸ் எனப் பெயரிட்டு விளக்கினார். கொதிநீரில் ஏதேனும் வாழுமா என்ற ஆர்வத்தைத் தவிர அவருக்கு வேறு நோக்கமில்லை. அதன் பாலிமரேஸ் நொதி 1976இல் பிரித்தெடுக்கப்பட்டது. டாக் பாலிமரேஸ் எனப்படும் அந்நொதி கொதிநிலையை நெருங்கிய வெப்பத்தையும் பலமுறை தாங்கும். அதனை ஒருமுறை சேர்த்துக் குழாயை மூடிவிட்டால் முப்பது சுற்றுகளும் தடையின்றி நடக்கும். வெப்பச் சுழற்சிக் கருவி என்னும் பெட்டி தோன்ற வழிசெய்தது அந்த நொதியே.

ஆனால், டாக் நொதிக்கு எழுதத் தெரியுமே தவிர எழுதியதைத் திரும்பப் பார்க்கத் தெரியாது. பல உயிரிகளின் பாலிமரேஸ் நொதிகள் தவறாகச் சேர்த்த எழுத்தை வெட்டியெறிந்துவிட்டுத் திருத்தி எழுதும். டாக் நொதிக்கு அத்திறன் இல்லை. ஓலைச்சுவடிகளைப் படியெடுத்த மரபை அறிந்தோருக்கு இதன் விளைவு எளிதில் விளங்கும். மூல ஏட்டிலிருந்து முதற்படியெடுத்தவர் ஓரெழுத்தைப் பிழையாக எழுதிவிட்டால், அப்படியைப் பார்த்து எழுதிய அத்தனை ஏடுகளிலும் அப்பிழை குடியேறிவிடும். பின்னாளில் படியெடுத்தவரின் பிழையோ அவருடைய வழிவந்த சில ஏடுகளோடு நின்றுவிடும். குழாயிலும் அவ்வாறே: பிழை எந்தச் சுற்றில் நேர்ந்தது என்பதைப் பொறுத்தே அதன் தாக்கம் அமைகிறது.

கூழ்மத்தில் ஓட்டம்

முப்பது சுற்றுகளும் முடிந்த குழாயை எடுத்துப் பார்த்தால் தொடங்கும்போது இருந்த அதே நிறமற்ற நீர்மம்தான் இருக்கும். பெருக்கம் நடந்ததா, நடந்தது எனில் பெருகியது தேடிய பகுதிதானா என்பதைக் குழாய் சொல்லாது. அதைச் சொல்வது ஜெல் எனப்படும் கூழ்மம்.

நோன்புக் காலத்தில் கடற்பாசி காய்ச்சும் வீடுகளில் இக்கூழ்மத்தின் உறவினரைக் காணலாம். மன்னார் வளைகுடாக் கரையோரப் பெண்கள் கடலில் மூழ்கிச் சேகரிக்கும் செம்பாசிகளிலிருந்து அகார் எடுக்கப்படுகிறது. அகாரைத் தூய்மை செய்து பெறும் சர்க்கரைப் பொருளே அகரோஸ். அகரோஸ் தூளைத் தாங்கல் கரைசலில் இட்டுக் கொதிக்கவைத்துத் தட்டில் ஊற்றி, ஒரு முனையில் சீப்புப் போன்ற பலகையைச் செருகி ஆறவைத்தால் அது உறைந்து நிற்கும். சீப்பை உருவியவுடன் வரிசையாகச் சிறு குழிகள் அமைந்துவிடும். நுண்ணோக்கியில் சல்லடை போலத் தோன்றும் வலைப்பின்னல் இக்கூழ்மத்தின் உள்ளமைப்பு. தூளின் அளவைக் கூட்டினால் கண்கள் சிறுக்கும். சில நூறு கார இணைகள் கொண்ட சிறு துண்டுகளைப் பிரிக்க 2 விழுக்காட்டுக் கூழ்மம் ஏற்றது.

டி.என்.ஏ.வின் முதுகெலும்பாக அமைந்த பாஸ்பேட்டுகள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஆகையால் மின்புலத்தில் அது நேர்மின்வாயை நோக்கி நகரும். துண்டு நீளமானால் மின்னூட்டமும் அதே விகிதத்தில் கூடுவதால் மின்விசை மட்டும் துண்டுகளைப் பிரித்துவிடாது. பிரிப்பது சல்லடையே. சிறு துண்டுகள் கண்களுக்கிடையே எளிதில் நுழைந்து முந்திச் செல்லும். நீளத் துண்டுகள் சிக்கிச் சிக்கிப் பின்தங்கும். சந்தைக் கூட்டத்தில் கைவீசி நடக்கும் சிறுவனும் நீண்ட மூங்கிலைச் சுமந்து செல்பவரும் ஒரே நேரத்தில் மறுமுனையை அடைவதில்லை அல்லவா?

குழிகளில் இடுவதற்கு முன்னர் நீர்மத்துடன் கிளிசரால் கலந்த நீலச்சாயம் சேர்க்கப்படுகிறது. கிளிசரால் அதனைக் கனமாக்கிக் குழியின் அடியில் தங்கச் செய்யும். நீலச்சாயம் ஓட்டம் எவ்வளவு தொலைவு வந்துள்ளது என்பதைக் காட்டும். ஒரு குழியில் மட்டும் நீளம் முன்பே தெரிந்த துண்டுகளின் கலவை இடப்படும். அது பிரிந்து படிப்படியாக நிற்கும் தோற்றத்தால் ஏணி என்றே அழைக்கப்படுகிறது. மின்வாய்களுக்கு இடையே சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 5 வோல்ட் என்னும் அளவில் மின்சாரம் பாய்ச்சினால் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில் ஓட்டம் முடிந்துவிடும். அவசரப்பட்டு மின்னழுத்தத்தை உயர்த்தினால் கூழ்மம் சூடேறி உருகும். பட்டைகள் கோணலாக வளையும்.

டி.என்.ஏ.வைக் காணச் சாயம் வேண்டும். எதிடியம் புரோமைடு ஏணியின் படிகளுக்கிடையே நுழைந்து அமர்ந்து, புறஊதாக் கதிர் படும்போது செம்மஞ்சள் நிறத்தில் ஒளிரும். டி.என்.ஏ.வின் நடுவே நுழையும் இயல்பே அதனை ஐயத்திற்குரிய பொருளாகவும் ஆக்குகிறது. கையுறையின்றி அதனைத் தொடலாகாது. தீங்கு குறைந்த சாயங்கள் இப்போது பல ஆய்வகங்களில் அதன் இடத்தைப் பெற்றுவருகின்றன.

தெரிந்து தெளிவோம்: கூழ்மத்தில் ஒரு துண்டு கடக்கும் தொலைவும் அதன் நீளமும் நேர்விகிதத்திலோ எதிர்விகிதத்திலோ அமைவதில்லை. தொலைவு, நீளத்தின் மடக்கையைப் பொறுத்துக் குறைகிறது. அதனால்தான் ஏணியின் மேற்படிகள் நெருங்கியும் கீழ்ப்படிகள் விலகியும் காணப்படுகின்றன.

மூவகைத் தடங்கள்

கூழ்மம் காட்டுவது துண்டின் நீளத்தையே. அதிலுள்ள எழுத்துகளை அன்று. நலமான மரபணுத் துண்டும் நோய்க்குரிய துண்டும் ஒரே நீளமுடையவை. இரண்டும் ஒரே இடத்தில்தான் நிற்கும். ஓர் எழுத்தின் வேறுபாட்டை நீளத்தின் வேறுபாடாக மாற்றுவதற்கு வெட்டுநொதி உதவுகிறது.

டி.டி.இ.–1 என்னும் வெட்டுநொதி சைட்டோசின், தைமின், ஏதேனும் ஓர் எழுத்து, அடினைன், குவானைன் என்னும் ஐந்தெழுத்து வரிசையைக் கண்டால் மட்டுமே வெட்டும். நலமான பீட்டா மரபணுவில் அந்த ஆறாம் குறிச்சொல் அமைந்த இடத்தில் இவ்வரிசை உள்ளது. நோய்க்குரிய மரபணுவில் அடினைன் இருந்த இடத்தில் தைமின் நிற்பதால் வரிசை குலைந்துவிடுகிறது. நொதி வெட்டாமல் கடந்துவிடும். மனித உடலில் துன்பம் விளைவிக்கும் அதே எழுத்து மாற்றம் ஆய்வகத்தில் அடையாளமாகப் பயன்படுகிறது.

எடுத்துக்காட்டாக, இவ்வரிசை ஒரேயொரு முறை மட்டும் இடம்பெறுமாறு 340 கார இணைகள் கொண்ட பகுதி பெருக்கப்பட்டதாகவும், வெட்டினால் அது 200, 140 என இரண்டாவதாகவும் கொள்வோம். நலமானவரின் தடத்தில் 200, 140 ஆகிய இரு பட்டைகள் தெரியும். நோயுற்றவரின் தடத்தில் வெட்டுண்ணாத 340 பட்டை மட்டும் நிற்கும். தாங்கியிடம் இருவகை மரபணுவும் இருப்பதால் மூன்று பட்டைகளும் தோன்றும். பத்து லட்சம் பக்கங்களில் ஓரெழுத்தைத் தேடும் பணி, ஒளிரும் கோடுகளை எண்ணும் பணியாகச் சுருங்கிவிடுகிறது.

எண்ணுவதோடு பணி முடிந்துவிட்டது என்று கருதுவோரே பெரும்பிழைக்கு ஆளாகின்றனர். நலமான ஒருவரின் மாதிரியில் வெட்டுநொதி தன் வேலையை அரைகுறையாகச் செய்துவிட்டது எனக் கொள்வோம். நொதி பழையதாக இருக்கலாம்; நேரம் போதாமல் இருக்கலாம். வெட்டுண்டவை 200, 140 எனவும், வெட்டுண்ணாமல் எஞ்சியவை 340 எனவும் நிற்கும். மூன்று பட்டைகள்! நலமானவர் தாங்கி என அறிக்கை பெறுவார். மற்றொரு நிலையையும் காணலாம். நோயுற்ற குழந்தையின் குழாயில் நலமான ஒருவரின் டி.என்.ஏ. சிறிதளவு கலந்துவிட்டால் அங்கும் மூன்று பட்டைகள் தோன்றக்கூடும். மருத்துவம் பெற வேண்டிய குழந்தை அதைப் பெறாமல் வீடு திரும்பும். பட்டை பொய் சொல்வதில்லை; குழாயில் இருந்ததையே அது காட்டுகிறது. குழாயில் இருந்தது யாருடையது, எந்நிலையில் இருந்தது என்பதை அது காட்டுவதில்லை.

வெறுங்குழாயின் வேலை

இதற்காகவே மாதிரிகளோடு சேர்த்து மேலும் சில குழாய்கள் ஓட்டப்படுகின்றன. நலமானவர் என உறுதியாகத் தெரிந்த ஒருவரின் மாதிரி ஒரு குழாயில் இருக்கும். அதில் 340 பட்டை மறையாமல் நின்றால் வெட்டு முழுமையடையவில்லை என்று பொருள். அன்றைய முடிவுகள் அனைத்தும் ஒதுக்கப்படும். தாங்கி எனத் தெரிந்தவரின் மாதிரி இன்னொன்றில். மூன்றாவது குழாயில் எல்லாப் பொருள்களும் இருக்கும், டி.என்.ஏ. மட்டும் இராது, அதற்கு ஈடாகத் தூய நீர் சேர்க்கப்பட்டிருக்கும். புதிதாகப் பணிக்கு வருவோர் இக்குழாயை வீண்செலவு என்று நினைப்பதுண்டு. ஆயினும் கூழ்மத்தை ஒளியில் வைத்தவுடன் அனுபவமுள்ளவர் கண் முதலில் செல்வது அத்தடத்திற்கே. அது வெறுமையாக இருக்க வேண்டும். அடியில் மங்கலாக ஒரு கறை தெரிந்தால் அச்சமில்லை. தொடக்க இழைகள் தமக்குள் ஒட்டிப் பெருகிய சிறு துண்டுகள் அவை. 340இல் ஒரு கோடு தெரிந்தால், எங்கிருந்தோ வந்த டி.என்.ஏ. எல்லாக் குழாய்களிலும் கலந்திருக்கக்கூடும்.

எங்கிருந்து வரும்? பெரும்பாலும் நேற்றைய வெற்றியிலிருந்து. பெருக்கம் நன்கு நடந்த குழாயின் ஒரு மைக்ரோலிட்டரில் பல நூறு கோடிப் படிகள் இருக்கும். மூடியைத் திறக்கும்போது தெறிக்கும் கண்ணுக்குத் தெரியாத துகளில், அந்த மைக்ரோலிட்டரின் லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலும் பல்லாயிரம் படிகள் காற்றில் கலக்கும். சோதனைக்கு எடுத்துக்கொள்ளும் 100 நானோகிராம் மனித டி.என்.ஏ.வில் ஒரு மரபணுவின் படிகள் ஏறத்தாழ 30,000 மட்டுமே. தெறித்த துகள் மாதிரியையே விஞ்சிவிடலாம். ஆதலால் குழாய்களில் பொருள்களைச் சேர்க்கும் அறையும் கூழ்மம் ஓட்டும் அறையும் வேறுவேறாக இருக்கும். ஒன்றின் பிப்பெட்டும் மேலங்கியும் மற்றொன்றிற்குச் செல்வதில்லை. பணியாளர் காலையில் தூய அறையில் தொடங்கி மாலையில் மற்ற அறைக்குச் செல்லலாம். அதே நாளில் திரும்பி வரலாகாது.

இவ்விதியின் அருமையை அறிவியல் உலகம் உணர்ந்த நிகழ்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் யூட்டா மாநில நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த 8 கோடி ஆண்டு பழமையான எலும்புத் துண்டுகளிலிருந்து டி.என்.ஏ. பெருக்கப்பட்டதாக 1994இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. டைனோசரின் மரபணு கிடைத்துவிட்டதோ என்று நாளிதழ்கள் பரபரத்தன. பறவையையும் ஊர்வனவற்றையும் ஒத்திருக்க வேண்டிய அவ்வெழுத்து வரிசையைப் பிற ஆய்வாளர்கள் 1995இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது அது மனிதனையே நெருங்கி நின்றது. மைட்டோகாண்டிரியாவிலிருந்து பண்டைக்காலத்தில் மனித உட்கருவுக்குள் இடம்பெயர்ந்து பதிந்துவிட்ட துண்டுகளே பெருகியிருந்தன. பின்னாளில் நியூசிலாந்தின் அழிந்துபோன மோவாப் பறவைகளின் எலும்புகளை ஆராய்ந்தவர்கள், குறிப்பிட்ட நீளமுள்ள டி.என்.ஏ. துண்டுகளில் பாதி ஏறத்தாழ 521 ஆண்டுகளில் சிதைந்துவிடுவதாக 2012இல் கணக்கிட்டனர். அவ்வேகத்தில் 8 கோடி ஆண்டுகளுக்குப் பின் எஞ்சுவதற்கு எதுவுமில்லை.

கருவின் சோதனையில் இக்கலப்பு இன்னும் நுட்பமான வடிவில் வருகிறது. கருவைச் சூழ்ந்த திசுவை எடுக்கும்போது தாயின் செல்களும் உடன் வந்துவிடலாம். தாய் ஒரு தாங்கி. கருவோ நோயுற்றது எனக் கொண்டால், தாயின் நலமான மரபணு கருவின் தடத்தில் 200, 140 பட்டைகளைத் தோற்றுவித்து அதனையும் தாங்கி எனக் காட்டிவிடக்கூடும். எந்த அறைப் பிரிவாலும் இதைத் தடுக்க இயலாது. இக்கலப்பு ஆய்வகத்தில் நேர்ந்ததன்று. ஆகவே, தாயிடமும் தந்தையிடமும் வேறுபட்டிருக்கும் சில பகுதிகளையும் சேர்த்துப் பெருக்கிப் பார்க்கின்றனர். கருவிற்குத் தாயிடமிருந்து ஒரு படியே வந்திருக்க வேண்டும். தாயின் இரண்டு படிகளும் கருவின் மாதிரியில் தெரிந்தால் தாயின் செல்கள் கலந்துள்ளன என்பது உறுதியாகிறது, அம்மாதிரி ஏற்கப்படுவதில்லை.

பெற்றோர் இருவரின் குருதியும் கருவின் மாதிரியும் ஒரே கூழ்மத்தில் அடுத்தடுத்த தடங்களில் ஓட்டப்படுகின்றன. அடுத்த நாள் மாதிரியின் மீதப் பகுதியிலிருந்து புதிதாக டி.என்.ஏ. எடுத்து, இயன்றால் வேறொருவர் கையால், முதலிலிருந்து எல்லாம் மீண்டும் செய்யப்படுகிறது. இரண்டு நாள் தடங்களும் ஒத்திருந்து, நீர் மட்டும் இட்ட குழாயின் தடம் இரண்டு முறையும் இருண்டே கிடந்தால், அதன் பின்னரே அறிக்கையில் கையொப்பம் இடப்படுகிறது.